உன் காலை அமுக்கிய கைகள்

என் மெற்றில்டா அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நான் சித்தப்பாவோடு சண்டை பிடித்துவிட்டேன். ஊர்ச்சனம் பார்த்துக்கொண்டு நிற்க, வாசலை மறித்துக்கொண்டு. நீ இருந்திருந்தால், உனக்கு வாய் கூடிப்போச்சுதடி என்றிருப்பாய். கூடித்தான் போச்சு. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

முதலில் பழையதைச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்த வருடத்துக் கோயில் திருநாள். கோயிலுக்குள்ளிருந்து மாதா சுரூபம் வெளியே வந்ததும் வெடி கொளுத்தினார்கள். உனக்கு முழங்கால் ஆடத் தொடங்கியது; பிறகு தொடை; பிறகு பல்லோடு பல் அடித்தது. பேய் பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும்தானே. நடுங்குகிறவரை அமுக்கிப் பிடித்து, தீர்த்தம் தெளித்து, செபம் சொல்வார்கள். நடுக்கம் நின்றால் பேய் போய்விட்டது என்று அர்த்தம். சித்தப்பா உன் கைகளைப் பிடித்தார். நான் உன் கால்களில் ஏறி இருந்தேன்.

"விடுங்கோ, விடுங்கோ" என்று கெஞ்சினாய். பேய்தான் அப்படிக் கெஞ்சுகிறது என்று நினைத்து நான் இன்னும் இறுக்கி அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் நீ அசையாமல் கிடந்தாய். நாங்கள் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

அதற்குப் பிறகு நீ நடுங்கவேயில்லை. கழுத்துத்தான் திரும்பவில்லை. தாடை இறுகிப்போய், ஒரு வாய் சோற்றை விழுங்கப் பாடுபட்டாய். மன்னார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது நெஞ்சு வருத்தம்; மாரடைப்பு என்றார்கள். அதற்கும் அந்தத் திருநாளுக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிக் கதைக்கவும் மாட்டேன். ஆனால் நீ விடச் சொன்னாய், நான் விடவில்லை. அது எனக்குத் தெரியும்.

நான் இப்போதும் அதே நண்டு உடைக்கிற கொம்பனியில்தான் வேலை. எங்கள் பெண்கள் சங்கம் என்னை முருங்கன் ஊருக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பியது. மனதில் கிடக்கிற பயத்தையும் பாரத்தையும் உடம்பு வழியாகத் தணிக்கிற பயிற்சியாம். என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அதுவே பெரிய ஆறுதல். எத்தனை அரசாங்கக் கந்தோருக்குத்தான் அதே கதையைச் சொல்வது? முதுகைச் சுவரில் சாய்த்து இருக்கச் சொன்னார்கள். பாதத்துக்குக் கீழே தரை இருப்பதைக் கவனிக்கச் சொன்னார்கள். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பயிற்சி தந்த மிஸ் எங்களை முழங்காலைக் கொஞ்சம் மடித்து நிற்க வைத்தார். "நடுக்கம் வந்தா வரட்டும். நிப்பாட்ட வேணுமெண்டா நிப்பாட்டுங்கோ. உங்கட உடம்பு" என்றார். ஓடவும் ஏலாமல், எதிர்க்கவும் ஏலாமல் நின்ற உடம்பு, உள்ளே இறுகிய பயத்தைச் சில வேளை நடுங்கித்தான் இறக்குமாம். எனக்கு உன் கால்கள் நினைவு வந்தன. வெளியே போய் வேப்பமரத்தடியில் இருந்து குழறி அழுதேன்.

திரும்பி வந்து மன்னாரில் பஸ்ஸால் இறங்குகிறேன், ஒரு கழுதையை வான் ஒன்று தட்டிவிட்டுப் போகிறது. விழுந்தது, எழும்பியது, காதிலிருந்து வால்வரை உதறி நடுங்கியது, பிறகு போய் வாழைப்பழத் தோல் தின்னத் தொடங்கியது. ஒருவரும் அதை அமுக்கவில்லை. கழுதைக்குக் கிடைத்த மரியாதை உனக்குக் கிடைக்கவில்லையே அக்கா!

அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் பாய் விரித்து அந்தப் பயிற்சியைச் செய்தோம். ஏழு பெண்கள். டொக்டர் தந்த குளிசை குடிக்கிறவளிடம் அதை நிப்பாட்டு என்று நான் சொல்வதில்லை. கோயிலை விடச் சொல்வதும் இல்லை; நானே காலைப் பூசை கண்டுவிட்டுத்தான் போகிறேன்.

போன ஞாயிறு பக்கத்து வளவில் கலியாண வெடி. என்னோடு நண்டு உடைக்கிற ஸ்ரெல்லாவுக்கு முழங்கால் ஆடத் தொடங்கியது. அவளுடைய மாமியார் யன்னலால் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினார். ஐந்து நிமிடத்தில் நாலு ஆம்பிளைகள் வந்துவிட்டார்கள், முன்னால் சித்தப்பா, கையில் தீர்த்தப் போத்தல்.

நான் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். விலகு என்றார். மாட்டேன் என்றேன்.

"உன்ர அக்காவையும் நாங்கள்தான் பிடிச்சுச் சுகப்படுத்தினனாங்கள்" என்றார்.

"சுகப்படுத்தேல்ல சித்தப்பா. அடக்கினனாங்கள். நானும்தான் காலைப் பிடிச்சனான்."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. போத்தல் பிடித்த அவருடைய கை நடுங்கியது. மற்றக் கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரும் அதே முகாமில் இருந்தவர்தானே.

நான் திரும்பி ஸ்ரெல்லாவிடம், கண்ணைத் திறந்து என்னைப் பார், நிப்பாட்ட வேணுமா என்று கேட்டேன். "இல்லை. விடு, ஆடட்டும்" என்றாள். ஒருவரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் தானாக அடங்கியது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். சுற்றிப் பார்த்துவிட்டு, பசிக்குது என்றாள்.

மறுநாள் சனசமூக நிலைய நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து பூட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு போனது. பேயாட்டத்துக்கு மண்டபம் இல்லையாம். வைத்துக்கொள்ளட்டும். வருகிற ஞாயிறு கீரிக் கடற்கரையில் பாய் விரிக்கிறோம், பட்டப்பகலில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால். ஏழு பேரும் வருகிறார்கள். விருப்பம் என்றால் சித்தப்பாவும் வரலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என்னை மன்னித்துவிட்டாயா? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதும்போது என் தொடை ஆடுகிறது, மேசையும் சேர்ந்து ஆடுகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதே. நான் நிப்பாட்டப் போவதில்லை.

திருநாள் வருகிறது. வெடி கொளுத்துவார்கள். யாருக்காவது முழங்கால் ஆடும். நான் அந்த இடத்தில் நிற்பேன், அக்கா. நான் உயிரோடு இருக்கும்வரை இந்த ஊரில் ஒருத்தியும் "விடுங்கோ" என்று இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வராது.

உன் காலைப் பிடித்த தங்கச்சி,
ஜெசிந்தா