நனைந்த அட்டை

மார்ச் 4, செவ்வாய்

ஒரு மூக்கு பொய் சொல்கிறதா என்பதை அதே மூக்கை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியவில்லை.

இன்று பதினோராவது பேட்ச் ரை தானிய விஸ்கியைச் சுவைத்துப் பார்த்தோம். வழக்கம்போல் ஆலை முதலாளி கர்ட் ஊற்றித் தந்தார். படிவம் நிரப்ப நாங்கள் மூன்று பேர்: பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெர்னி, சலூன் வைத்திருக்கும் ஸ்டஷ், ஆலையில் சரக்கைச் சோதிக்கும் நான். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. மழையில் வாசலில் கிடந்த பார்சல் போல. ஒரு நொடிதான். மறுபடி முகர்ந்தபோது இல்லை.

மற்றவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டஷ் தன் பாட்டுக்கு "கிராம்பு, ஆரஞ்சுத் தோல்" என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன ப்ரொஃபசர், பேனா மக்கர் பண்ணுதா?" என்றார் கர்ட். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன்?

மார்ச் 5, புதன்

வீட்டில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். காபி டப்பா சரி. கிராம்பு சரி. சோப்பு சரி என்று நினைக்கிறேன். "நினைக்கிறேன்" என்று எழுத வேண்டியிருக்கிறதே.

மார்ச் 7, வெள்ளி

தவக்கால வெள்ளி, தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் விருந்து. பெர்னிதான் பரிமாறினார். பொரித்த மீன், வெண்ணெயில் வதக்கிய கோஸும் நூடுல்ஸும்.

"என்னடி ரோண்டா, தட்ட மோந்து மோந்து பாக்குற? மீன் செத்து ரெண்டு நாளுதான் ஆச்சு, பயப்படாத."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரிக் காய்ச்சலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் எதிலும் மணமில்லை. திரும்பி வந்ததும் கோணலாக வந்தது. காபியில் கருகிய ரப்பர், பற்பசையில் மண்ணெண்ணெய். பிப்ரவரி நடுவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு செய்தேன். நானாகவே முடிவு செய்தேன், யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் பதினேழு வருடம் இருந்தேன். ஒரு கருவி பழுதென்றால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன். இங்கே கருவி நான்தான்.

பதினெட்டாம் தேதி இந்தப் பதினோராவது பேட்ச்சை ஏற்ற மாநில அரசு மதுக்கடைகளின் லாரி வருகிறது. ஆயிரத்து இருநூறு பாட்டில்கள், அறுபது கடைகள். ஏழு வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த முதல் ஆர்டர். இது தவறினால் கோடையில் ஆலையை மூடிவிடுவேன் என்று கர்ட் கிறிஸ்துமஸிலேயே சொல்லிவிட்டார். ஒன்பது பேர் வேலை செய்கிறோம்.

மார்ச் 9, ஞாயிறு

காலை பதினோரு மணி. வீட்டில், வெறும் வயிற்றில், பத்தாவது பேட்ச்சையும் பதினோராவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பத்தாவது நல்ல சரக்கு. லேபிளில் "கொள்ளுத்தாத்தா காலத்து முறை" என்று இருப்பதை நான் நம்புவதில்லை. கர்ட்டின் கொள்ளுத்தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், குடித்தது பீர். ஆனால் முறையில் பொய் இல்லை. சோளம் கிடையாது. நாலு பங்கு ரை, ஒரு பங்கு முளைகட்டிய பார்லி. குளிர்காலத்தில் கிடங்கைச் சூடாக்கி வைக்கிறோம், இந்தப் பள்ளத்தாக்கில் முன்பு செய்ததுபோலவே. முகர்ந்தால் முதலில் ரொட்டியின் கருகல் ஓரம், அப்புறம் கிராம்பு, மிளகு. வாயில் கொஞ்சம் தேன். உடனே வைக்கோல்போல வறண்டுவிடும். விழுங்கியபின் நாக்கின் ஓரத்தில் சதகுப்பைக் கீரையின் குளுமை. தொண்டையில் சற்று முரட்டுத்தனம் உண்டு. நாலு வயதுச் சரக்கு, அதை மறைக்கவும் பார்க்கவில்லை. இருபத்தொன்பது டாலருக்கு இது அதிகம். இரண்டு மடங்கு விலை சொல்கிற பாட்டில்கள் இதில் பாதி தருவதில்லை. நான் பாராட்டுகிறேன் என்றால் அவ்வளவுதான் பாராட்டுவேன்.

பதினோராவது. முதல் மூச்சில் அட்டை. இரண்டாவதில் இல்லை. வாயில் மசாலாவெல்லாம் மங்கிக் கிடந்தது, பக்கத்து வீட்டு ரேடியோ சுவருக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல.

அல்லது அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துக் குடித்தேன். எதிர்பார்ப்பவளுக்கு எதுவும் மணக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

பெர்னியிடம் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. மூன்று கோப்பைச் சோதனைக்கு ஊற்றித் தர இன்னொரு ஆள் வேண்டும். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. அந்த வேறு எது என்று சொல்ல வேண்டும். எதில் எது என்பது ஊற்றுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அடிப்பாவி, ஜனவரிலேருந்தா? ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்ற மாதிரி விஷயமா இது, பெர்னி?"

"மூக்குதான போச்சு, மானமா போச்சு? உக்காரு."

மத்தியானம் அவர் சமையலறையில் உட்கார்ந்தோம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன், அவர் ஊற்றி வைத்துவிட்டு இருமுவார். பத்தாவதையும் பதினோராவதையும் வைத்து எட்டுச் சுற்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பின்வாசலில் போய் நின்று குளிர்காற்றை இழுத்துவிட்டு வந்தேன். ஐந்தாவது சுற்றில் தவறினேன். மற்ற ஏழும் சரி.

குருட்டாம்போக்கில் இப்படி அமைய ஏறக்குறைய நானூறில் ஒரு வாய்ப்பு. கணக்கை இரண்டு தடவை போட்டேன்.

என் மூக்கு சரியாக இருக்கிறது. அரை நிமிடம் அழுகை வரப் பார்த்தது. அப்புறம்தான் மறுபக்கம் உறைத்தது. மூக்கு கெட்டிருந்தால் என் ஒருத்தியின் வேலையோடு போயிருக்கும். அது சரியென்றால் பேட்ச் கெட்டது.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்டேன்.

பெர்னி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார். "லேசா ஏதோ இருந்துச்சு. ஆனா கர்ட் எதிர்ல நின்னு, புள்ள பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற அப்பன் மாதிரி மூஞ்சியப் பாத்துகிட்டே இருப்பாரு. யாருக்குடி குறை சொல்ல மனசு வரும்? நாலு வருஷமா நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் எழுதுறேன்."

நாலு வருடப் படிவங்கள். எல்லாவற்றையும் நான்தான் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. கர்ட்டின் அறைக்குள் போனேன். மேசை முழுக்கப் புது லேபிள்கள். "பாரு ப்ரொஃபசர், அறுபது கடையில இந்த மூஞ்சிதான்," என்று ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு வந்தேன். எனக்கு என்ன ஆச்சு? எதுக்கு இந்தப் பயம்?

திங்கட்கிழமை பாட்டிலில் அடைக்கிறார்கள். நாளை சொல்லியே ஆக வேண்டும். என்ன நடக்கும் என்று இப்போதே எழுதி வைக்கிறேன்: கத்துவார். நாலாம் தேதி ஏன் கையெழுத்துப் போட்டாய் என்பார். வெளியே போ என்பார்.

மார்ச் 14, வெள்ளி

நடந்தது இது.

எட்டரைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். பதினோராவது பேட்ச்சில் நனைந்த அட்டை வாசனை இருக்கிறது, நாலாம் தேதியே தெரிந்தது, மறைத்துவிட்டேன் என்றேன். காய்ச்சலைப் பற்றியும் சொன்னேன், எட்டுச் சுற்றைப் பற்றியும்.

கர்ட் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினார். அவருடைய கோழிக்கிறுக்கல் எழுத்து. "பிப். 26. பேட்ச் 11. எங்க வீட்டு பேஸ்மென்ட் நாத்தம்?"

"எங்கப்பாவுக்கு அறுபதுல மூக்கு போச்சு," என்றார். "எனக்கு அறுபத்தொண்ணு. சரி, நம்ம முறை வந்துருச்சுன்னு நெனச்சேன். நீ கண்டுபிடிச்சுடுவன்னு பாத்துகிட்டே நின்னேன். நீ 'குறை இல்லை'ன்னு எழுதின. அன்னிக்கு வீட்டுக்குப் போயி ஆலைய வித்துடலாமான்னு பொண்டாட்டிகிட்ட கேட்டேன்."

நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

"இலையுதிர் காலத்துல கிழக்கு மூலையில கூரை ஒழுகுச்சே, அங்க இருந்த ஆறு பீப்பாயும் இதுலதான் கலந்துச்சு," என்றார். போனை எடுத்தார். நான் அங்கேயே இருக்கும்போது மதுக்கடை அலுவலகத்தை அழைத்து, லாரியை அனுப்ப வேண்டாம் என்றார். எதிர்முனை நிறையப் பேசியது. இவர் "புரியுது" என்று நாலு தடவை சொன்னார். வைத்துவிட்டு, "அக்டோபர்ல பாக்கலாமாம். இல்லன்னா இல்லையாம்," என்றார்.

கோப்பிலிருந்து என் படிவத்தை எடுத்துவந்தேன். "குறை இல்லை" என்பதை அடித்துவிட்டு "நனைந்த அட்டை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். கர்ட் பேனாவை வாங்கிக் கீழே தன் பெயரை எழுதினார். தேதி பிப்ரவரி 26 என்று போட்டார்.

"அடுத்த தடவ நாங்க ருசி பாக்கறப்ப நீங்க உள்ள நிக்கக் கூடாது," என்றேன்.

"பின்ன எங்க நிக்கிறது?"

"பார்க்கிங்ல."

"குளிருமே."

"குளிரட்டும்."