செவ்வாய்க்கிழமையைக் காட்டாத கோடு

அன்புள்ள நைனாவுக்கு வணக்கம். கள்ளிக்குப்பத்தில் மழை விட்டதா? உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே புனேயில் ஒரு கூத்து. எங்கள் பால் குளிர்கிடங்கின் வெப்பநிலை தினமும் ஏறி இறங்கும்; அதை வரைபடமாகப் போடுவது என் வேலை. படம் அழகாக வரட்டுமே என்று, ஒவ்வொரு நாளும் கடைசி ஏழு நாள் சராசரியைப் போட்டுக் கோட்டை வழவழப்பாக்கினேன். செவ்வாய்க்கிழமை குளிரூட்டும் மெஷின் நின்று பால் முழுக்கத் திரிந்தது. என் கோடு லேசாகத்தான் நிமிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உங்கள் சர்க்கரை அளவையும் அண்ணன் வாரச் சராசரியாகத்தானே அனுப்புகிறான்! கேட்டால், "நைனா நல்லாத்தான் கீறாரு, உனுக்கு இன்னா பயம்?" என்கிறான். தினமும் வந்த அளவை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள், மோசமான நாளையும் சேர்த்து.

ஞாயிறுதோறும் போனில் நானும் "நல்லா கீறேன்" என்று வாரம் முழுவதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நைனா.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

மோகனப்பிரியா