அவனியாபுரம் வீட்டின் மூன்று வருடத் திட்டம்

2024 ஜூன் 3, திங்கள்

மூன்று வருடத் திட்டம் போட இன்று மறுபடியும் உட்கார்ந்தோம். மறுபடியும் பாதியில் எழுந்தோம்.

திண்டுக்கல்லிலிருந்து இம்மானுவேல் வந்திருந்தார். எங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்களுக்குத் திட்டமிடக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் வேலை. சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டி அவர் முதல் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் அன்னக்கொடி அக்காவுக்குப் போன். கப்பலூரில் ஒருத்தன் பொண்டாட்டியின் தாடையை ஸ்பேனரால் உடைத்துவிட்டான். இந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர் அக்கா. எந்தப் பெண் அடிபட்டாலும் தானே போய் நிற்பவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"வேற யாரையாவது அனுப்பலாமேக்கா," என்றார் இம்மானுவேல்.

"வீடு பத்தி எரியுது தம்பி. நீங்க உக்காந்து பேசச் சொல்றீங்க."

"வருஷக்கணக்கா எரியுதேக்கா. கிணறு எப்பத்தான் வெட்டுறது?"

அக்கா வேனில் ஏறிவிட்டார். டிரைவர் கண்ணன் அண்ணன் வேனைக் கிளப்பினார். நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன்? ஒருங்கிணைப்பாளர் நான். கூட்டத்தை நடத்த வேண்டியவளே நான்தானே?

ஜூன் 5, புதன்

கப்பலூர்ப் பெண்ணுக்குத் தாடையில் கம்பி கட்டியிருக்கிறார்கள். அன்று வேனில் வரும்போது வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். துண்டோடு இரண்டு பல்லும் வந்தன.

அவள் புருஷன் வேன் மீது கல்லை எறிந்தான். அக்கா இறங்கிப் போய், தெரு பார்க்க அவனை ஓர் அறை விட்டார். அந்த அறையைப் பற்றித்தான் இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். அவள் வழக்கை யார் நடத்துவது, இனி எங்கே வேலைக்குப் போவாள் என்று ஒருவரும் பேசவில்லை. எனக்கும் அந்த அறை பிடித்துத்தான் இருந்தது. சிக்கலே அதுதான்.

ஜூன் 19, புதன்

இன்று சண்டை.

இம்மானுவேல் கேட்டது இதுதான்: "அடுத்த மூணு வருஷத்துல எதெல்லாம் செய்யமாட்டீங்க? அத முதல்ல சொல்லுங்க."

அக்கா டீ கிளாஸைத் தரையில் போட்டு உடைத்தார். "யாரச் சாக விடணும்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அப்படிக் கேக்கலக்கா."

"அப்படித்தான் கேக்குறீங்க. போன் வந்தா போவேன். அதான் என் திட்டம்."

இம்மானுவேல் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். விரலில் குத்தி ரத்தம் வந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். அவர் போன பிறகு அக்காவிடம் நான் எழுதிவைத்ததைச் சொன்னேன். பெண்கள் தங்குகிற வீட்டின் விலாசம் யாருக்கும் தெரியக்கூடாது. சமாதானப் பேச்சை இந்த வீட்டில் வைக்கக்கூடாது. போலீஸ் இல்லாமல் யாரையும் கூட்டிவரப் போகக்கூடாது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஊர்ப் பெண்களையே உதவிக்குப் பழக்க வேண்டும்.

"பாப்போம்," என்றார். பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஜூலை 2, செவ்வாய்

திவ்யா திரும்பி வந்துவிட்டாள்.

போன வருடம் இங்கேயே தங்கியிருந்தவள். புருஷன் முகேஷ் வந்து அக்கா காலில் விழுந்தான், அழுதான். இதே கூடத்தில் உட்காரவைத்துப் பேசி, பழம் பூவோடு அனுப்பிவைத்தோம். இப்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்று கிடக்கிறது. கொதிக்கிற எண்ணெய்.

"ஏன்டி, ஒரு போன் பண்ணக்கூடாதா?" என்று கேட்டேன்.

"போன அவன் உடைச்சுட்டான்க்கா." கொஞ்சம் கழித்து, "நான் இங்கிட்டுத்தான் வந்திருப்பேன்னு அவனுக்குத் தெரியும்," என்றாள்.

அவள் தூங்கின பிறகு எழுந்து போய் கேட் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

ஜூலை 4, வியாழன்

வீடு மாற்றும் பேச்சை எடுத்தேன். "ஆனி ஆடில யாரு குடிபோவா? ஆவணி வரட்டும்," என்றார் அக்கா.

ஜூலை 12, வெள்ளி

நேற்று நடந்ததை எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மத்தியானம். எல்லாரும் அடுப்படியில். திவ்யா ஒரு கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் சத்தம். சிலிண்டர்காரர் என்று யாரோ கேட்டைத் திறந்துவிட்டார்கள். முகேஷ். கூட இன்னொருத்தன். கையில் சாக்கு சுற்றிய ஏதோ ஒன்று.

அக்கா வாசற்படியில் நின்றார். "வாப்பா. உக்காந்து பேசுவோம்." போன வருடம் சொன்ன அதே மாதிரி. கையை நீட்டித் தடுத்தார். அவன் சாக்கை உதறினான். அருவாள். அக்காவின் வலது கையில் விரல்கள்— தரையில் கிடந்தன. அக்கா கத்தவே இல்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் நேராக உள்ளே வந்தான். தேடவே இல்லை. வழி தெரியும் அவனுக்கு. நாங்கள்தானே காட்டினோம்.

திவ்யா எழுந்திருக்கவில்லை. முதல் வெட்டு தோளில். அடுத்தது கழுத்தில். கீரையெல்லாம் ரத்தம். மற்றவர்கள் பின்கதவு வழியாக ஓடினார்கள். பின்சுவர் உயரம், ஏற முடியாமல் அங்கேயே நின்று கத்தினார்கள்.

நான் அம்மிக்குழவியைத் தூக்கினேன். அவன் பின்மண்டையில் போட்டேன். விழுந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அருவாள் பிடித்த கையைத் தரையோடு வைத்து இடித்தேன். இடித்துக்கொண்டே இருந்தேன். எலும்பு நொறுங்குவது குழவி வழியாக என் கைக்குத் தெரிந்தது. கூட வந்தவன் எப்போது ஓடினான் என்று தெரியாது. கண்ணன் அண்ணன் என்னை இடுப்போடு பிடித்து இழுத்தார்.

"போதும் தாயி, செத்துருவான்."

"சாகட்டும்ணே."

அப்போது எனக்குப் பயம் இல்லை, துக்கம் இல்லை. நல்லா இருந்துச்சு. அதுதான் உண்மை.

ஜூலை 13, சனி

காலையில் திவ்யா இறந்துவிட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

முகேஷ் பிழைத்துக்கொண்டான். போலீஸ் காவலில், அக்கா இருக்கிற பெரியாஸ்பத்திரியிலேயே இன்னொரு வார்டில் கிடக்கிறான். ஓடிப்போனவனும் பிடிபட்டுவிட்டான். தற்காப்புதான், உன் மேல் வழக்கு நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். குழவியைப் பிடித்த உள்ளங்கை இன்னும் வலிக்கிறது.

அக்காவுக்கு மூன்று விரல் போய்விட்டது. கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். திவ்யாவின் அம்மா வார்டு வாசல் வரை வந்து, "ஒங்கள நம்பித்தானம்மா விட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதன் பிறகு சாப்பிடவில்லை.

வீட்டில் தங்கியிருந்த பெண்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். எங்கே? அடித்தவனிடமேதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கூட்டம். இம்மானுவேல் வந்தார். வாசற்படியை ஒட்டிய கூடத்துத் தரையை எத்தனை தடவை கழுவியும் சிமெண்டில் கறை போகவில்லை. அதன் மேல் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

கண்ணன் அண்ணன்தான் ஆரம்பித்தார். "நாமளும் ஆள் வைப்போம்க்கா. அருவாளுக்கு அருவாள். ஒருத்தனப் போட்டா பத்துப் பேரு அடங்குவான்."

எனக்குள்ளே 'சரி' என்று ஒரு குரல் கேட்டது. இன்னொரு முகேஷ், இன்னொரு குழவி. கையை மடிக்குள் வைத்து இறுக்கிக்கொண்டேன்.

"அப்ப அவனுக்கும் நமக்கும் என்ன கண்ணா வித்தியாசம்?" என்றார் அக்கா. பிறகு இம்மானுவேலைப் பார்த்து, "தம்பி, எதெல்லாம் செய்யமாட்டீங்கன்னு கேட்டீங்கல்ல. எழுதுங்க. பொம்பளைங்க தங்குற வீட்டுல இனிமே பஞ்சாயத்துப் பேசமாட்டோம்."

இம்மானுவேல் எழுதினார்.

"போலீஸ் இல்லாம போகமாட்டோம்."

எழுதினார்.

"நான்—" என்று ஆரம்பித்தார் அக்கா. "நான் மட்டும் முடிவு பண்ணமாட்டேன்."

அதை எழுதும்போது இம்மானுவேல் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்தோம். யாரும் நடுவில் எழுந்து போகவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்கே என்று இதில்கூட எழுதமாட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

திருமங்கலம் தாண்டி ஒரு கிராமம். காலையில் போன், புருஷன் ஒருத்தன் பொண்டாட்டியை அடிக்கிறான் என்று. திட்டப்படி போலீஸுக்குச் சொல்லிவிட்டு அவர்களுக்காகக் காத்திருந்தோம். நாங்கள் சேர்ந்து போய் நின்றபோது அவளை வேப்பமரத்தில் கட்டிப்போட்டிருந்தான். தலைமுடியைக் கத்தரித்து, மணிக்கட்டை உலக்கையால் அடித்து ஒடித்திருந்தான். தனியாகப் போயிருந்தால் முன்னாலேயே போயிருப்போம்.

வேனில் அக்கா என்னைப் பார்த்தார். "பாத்தியா, ஒன் திட்டத்த."

போயிருந்தால் அவளைக் காப்பாற்றியிருப்போமா, நாங்களும் வெட்டுப்பட்டிருப்போமா? தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. எந்தத் திட்டமும் இதற்குப் பதில் சொல்லாது. அவன் மட்டும் இன்று உள்ளே இருக்கிறான், அதுவரைக்கும் சரி. வீட்டுக்கு வந்து குளியலறைச் சுவரில் முட்டி முட்டி அழுதேன். நெற்றி வீங்கியிருக்கிறது.

அக்கா ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "அந்தப் பக்கமும் ஆளப் பழக்கி வச்சிருந்தா, போலீஸ் வாரவரைக்கும் ஊரே அவன் வீட்டு முன்னால நின்னிருக்கும்."

"அதுவும் திட்டத்துல இருக்குக்கா. கொட்டாம்பட்டி முடிஞ்சாத்தான்."

"தெரியும். அதான் சொல்றேன்."

2025 பிப்ரவரி 12, புதன்

கொட்டாம்பட்டியிலிருந்து ராக்கம்மாள் வந்திருந்தார். அங்கே நாங்கள் பழக்கிய பெண்கள் குழுவின் தலைவி. கூட ஒரு பெண், கன்னம் கன்றிப்போய், இடுப்பில் குழந்தையோடு.

நேற்று அவள் புருஷன் கதவைச் சாத்திக்கொண்டு பெல்ட்டால் விளாசியிருக்கிறான். ராக்கம்மாள் குழுவைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைச் சுற்றி நின்றுவிட்டார். ஒருத்தி போலீஸுக்கு போன் பண்ணியிருக்கிறாள். மற்றவர்கள் தகரக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவன் கதவைத் திறந்து கத்தியைக் காட்டி மிரட்டியிருக்கிறான்.

"அம்புட்டுப் பேரும் ஓடுவோம்னு நெனச்சான் போல. ஒருத்தியும் நகரல," என்றார் ராக்கம்மாள். "கொஞ்சத்துல போலீஸ் வந்துருச்சு. பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

"எனக்கு ஏன் ஒரு போன் போடல?" என்று கேட்டார் அக்கா. முகம் சுண்டிப்போயிருந்தது.

"நீங்க வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சேக்கா."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். கோபமா, அழுகையா தெரியவில்லை. நான் பின்னால் போகவில்லை. திரும்பி வரும்போது அந்தக் குழந்தைக்கு பிஸ்கட் எடுத்துவந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ராக்கம்மாளிடம் கேட்டார்:

"அடுத்த வருஷம் திருமங்கலம் பக்கம் ஆரம்பிக்கணும். நீ வந்து அவளுகளுக்குச் சொல்லிக் குடுப்பியா?"

அடுத்த வருஷம். அக்கா வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். அக்காவுக்குக் கரண்டி கொடுத்தால் வேண்டாம் என்கிறார். அவர் இடது கையால் சோற்றைப் பிசைவதை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.