ஒரே பாஸ்வேர்டு

மக்கா,

இன்று மதியம் சாலைக் கடைத்தெருவில் மழை. ஈரச் சாக்கு வாசனை நம் கடைக்குள் ஏறியதும் என்னையறியாமல் சுவரில் இருக்கும் கேமராவைப் பார்த்தேன். அது அசையவில்லை.

நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமலே போன மறுமாதம் அது தொடங்கியது. மதியம் மூன்று மணிவாக்கில் கேமரா தானாகத் தலையைத் திருப்பி உன் காலி நாற்காலியைப் பார்க்கும். பிறகு மெல்ல என் பக்கம் வந்து நிற்கும். போனில் பார்த்தால் உன் பெயரில் யாரோ உள்ளே இருப்பதாகக் காட்டியது. உன் போனோ உன் வீட்டு அலமாரியில் செத்துக் கிடந்தது.

ஊரெல்லாம் கேமரா மாட்டுகிற கடைக்காரன் நான், அது என்னவென்று தெரியாதா? தெரியும், எவனோ பாஸ்வேர்டைத் திருடி உள்ளே நுழைந்திருக்கிறான். ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "மக்கா, நீயாடே?" என்று கேட்டேன். நாலு நாள் பேசினேன். உன் மகள் பரீட்சையில் ஜெயித்ததைக்கூடச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் ஸ்பீக்கரில் ஒரு குரல், பேச்சுப் பழகும் பிள்ளை மாதிரி, "மக்கா... மக்கா..." என்றது. உன் குரல் இல்லை.

நாம் மாட்டிய கேமராவுக்கெல்லாம் நீ வைத்தது ஒரே பாஸ்வேர்டு. "அண்ணாச்சிமார் மறந்துட்டு நிப்பாங்கடே. ஒண்ணே போட்டா நமக்காவது ஓர்மை இருக்கும்" என்பாய். அரிசிக்கடை அண்ணாச்சி வீட்டுத் தொட்டிலுக்கு மேலே மாட்டியது நினைவு வந்ததும் அங்கே கூப்பிட்டேன். மருமகள்தான் எடுத்தாள்.

"அண்ணா, அது ரெண்டு நாளா பிள்ளையையே பாத்துட்டு நிக்குது. கேடாயிப் போச்சு, அல்லே?"

"மொதல்ல வயரைப் பிடுங்கும்மா!"

செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். அன்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் நல்ல மனசு ஊருக்கெல்லாம் ஒரே சாவியைச் செய்து தெருவில் போட்டிருக்கிறது, பாவி.

ஒரு வாரம் கடை கடையாக, வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்டு. புதிதாக யார் நுழைந்தாலும் உரியவர் போனுக்கு நம்பர் வர வேண்டும், அதைப் போட்டால்தான் திறக்கும். நம் கடையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். உன் பெயரை நீக்கவா என்று போன் கேட்டது. கேமரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அது நீ இல்லை என்று தெரிந்தும் என் விரல் இறங்க மாட்டேன் என்றது. தொட்டிலை நினைத்து அழுத்திவிட்டேன்.

வேலை முடிந்ததும் கேமராவுக்கு முன்னால் முகத்தை நீட்டி, "தெரியுதாடே?" என்று கேட்பாயே. இங்கே கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தபடி, "தெரியுது, அழகுதான் இல்ல" என்பேன். இப்போது மாட்டுகிறவனும் நான்தான். ஒவ்வொரு வீட்டிலும் முகத்தை நீட்டிக் கேட்கிறேன், "தெரியுதாடே?"

ஒரு பதிலும் வருவதில்லை. வரக்கூடாது என்றுதான் இத்தனை பாடு. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்குகிறேன்.