எட்டு கோர், இரண்டு பெயர்

அக்டோபர் 6, திங்கள்

காற்று. மழை இல்லை. வேளாண் ஆபீஸ் வாசலில் கரிசல் தூசி, பெருக்கப் பெருக்க.

ஆபீசர் வந்ததும் வராததுமாக: "என்னம்மா, மழை ரிப்போர்ட் எங்க?" முப்பது வருஷ மழை, எல்லாத் தாலுகாவும். ஒரு தடவை ஓட்டி முடிக்கவே கம்ப்யூட்டருக்கு ஒரு நாள் ஆகிறது. நான் என்ன, விரல் விட்டா எண்ண முடியும்?

மதியம் பொறுமை போய்விட்டது. ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருளுக்கு அடியில் இருக்கும் கணக்கு லைப்ரரியை மாற்றிவிட்டேன். மெஷினின் மூளையில் எட்டு கோர்; பழையது அதில் ஒன்றை மட்டும்தான் வேலை வாங்கும். மீதி ஏழும் ஆறு வருஷமாக அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தன. புதியது எட்டையும் எழுப்பிவிடுகிறது. மாற்ற பத்து நிமிஷம். ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு தடவை ஒத்துப் பார்த்தேன். விடை அதேதான்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அறையில் யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்ப சீக்கிரம் வீட்டுக்குப் போவலாம்லா?" என்றார். போய்?

பக்கத்து மேசை கவிதா வேலூர் போய் ஐந்து மாதம். வீட்டுக்காரருக்கு மாற்றல். அவளுடைய பி.எச்.டி. கணக்கு மட்டும் இன்னும் இந்த மெஷினில் ஓடுகிறது. அங்கிருந்தே தினமும் லாகின் செய்து பார்ப்பாள். காலையில் வந்ததும் உள்ளே யார் யார் என்று ஒரு வரி அடித்துப் பார்ப்பது என் வழக்கம். இரண்டு பெயர் வரும். என் பெயர், அவள் பெயர். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

அவள் கணக்கு ஆயிரம் சுற்று ஓட வேண்டும். 310 முடிந்திருக்கிறது. சுற்றுக்கு ஐம்பது நிமிஷம், அதாவது மாதக் கடைசி. தீசிஸ் கொடுக்கக் கடைசித் தேதி 17. கைடிடம் நாள் நீட்டிக்கக் கேட்டிருக்கிறாளாம்.

அவள் தன் ஃபோல்டரில் தனியாக ஒரு பழைய ஆர் வைத்திருக்கிறாள். அதற்கும் புது லைப்ரரியை மாட்டிவிட்டால் இரண்டே நாளில் முடிந்துவிடும். முடிந்தால் அந்தப் பெயரும் போய்விடும்.

நாளைக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

வாங்க: சீரகம், கொசுவத்தி, குளியல் சோப்பு 1.

சொல்லவில்லை.

ஆபீசருக்கு புரமோஷன். கடம்பூரிலிருந்து போளி. பழக்கதோஷத்தில் இரண்டு எடுத்துவிட்டேன். "இன்னொன்னு யாருக்கும்மா?" "எனக்குத்தான் சார்." இரண்டையும் நானே தின்றேன். சுகர் வந்துதான் சாவேன்.

விதை கவுண்டரில் பசுவந்தனை ஊர்க்காரர் ஒருவர் இன்னொருவரிடம்: "ஏலே, மழை வருமான்னு மானத்தப் பாத்துப் பாத்து கழுத்து சுளுக்குனதுதான் மிச்சம்."

அக்டோபர் 8, புதன்

வெயில். தலைவலி. மாத்திரை 1.

காலையிலேயே கவிதாவிடமிருந்து: "யக்கா, மெஷினுக்கு என்ன? ஒரு சுத்துக்கு ஒன்னேகால் மணி நேரம் எடுக்குது. கைடு போனையே எடுக்க மாட்டேங்காரு. பயமா இருக்குக்கா."

மெஷினுக்கு ஒன்றுமில்லை. நான்தான். மாற்றி மாற்றித் திரும்ப ஓட்டும் என் மழைக் கணக்கு எட்டு கோரையும் அள்ளிக்கொள்கிறது, அவளுடையது மூலையில் ஒண்டிக்கொண்டு ஓடுகிறது. பார்த்ததுமே புரிந்தது. என்னுடையதை நிறுத்த ஒரு நிமிஷம் ஆகாது. ஆபீசர் கேட்பார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

பதில் அனுப்பினேன்: "ஏசி ரிப்பேருடி. சூடாயிட்டு. நான் பாத்துக்கிடுதேன்."

பச்சைப் பொய். அறையில் பல் நடுங்கும் குளிர்.

அக்டோபர் 9, வியாழன்

காலை: ஒரு பெயர்தான். அவள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் வரவில்லை. பதினொரு மணிக்குப் பார்த்தேன். இல்லை. ரெண்டு மணி, நாலு மணி. இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ. கேட்க வாய் வரவில்லை, ஏசி பற்றிக் கேட்பாள்.

தயிர்சாதம் புளித்துவிட்டது. அப்படியே கொட்டினேன்.

எனக்குக் காலையில் பார்க்க ஒரு பெயர் வேண்டும். அதற்காக ஒருத்தியின் ஐந்து வருஷப் படிப்பில் மண்ணைப் போடுகிறேன். சீ. நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியாது.

அக்டோபர் 10, வெள்ளி

வானம் மூடாக்கு. தூறல்கூட இல்லை.

எட்டரைக்கே ஆபீஸ். அவள் கணக்கை நிறுத்தி, அவள் ஆர்-க்கும் புது லைப்ரரியை மாட்டி, விட்ட இடத்திலிருந்து ஓட்டினேன். 395 முடிந்திருந்தது. முதலில் முன்னைவிட மோசம். அவள் கணக்கும் என் கணக்கும் எட்டு கோருக்கும் அடித்துக்கொண்டன, ஒரு குழாயடிக்கு இரண்டு தெரு வந்த மாதிரி. என்னுடையதை நிறுத்தினேன். சுற்று மூன்று நிமிஷம். மூன்றே நிமிஷம்.

அவளுக்கு மெசேஜ் போட்டேன், புது லைப்ரரி மாட்டியாயிற்று, நாளைக்கு முடிந்துவிடும் என்று. பதினொரு மணிக்கு போன்.

"யக்கா, நெசமாவா? நாளைக்கே முடிஞ்சிருமா?" அழுதுவிட்டாள். பிறகு சொன்னாள்: "நேத்து திருநெல்வேலி வந்திருந்தேன்க்கா. கைடு வீட்டுக்கு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரெண்டு மணி நேரம் வாசல்ல நின்னேன். நாள் நீட்டக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. 'உனக்கெல்லாம் எதுக்கும்மா பட்டம்'னு, வந்திருந்த ஆளுக முன்னாடி."

அவள் மேலே சொன்னாள்:

"திரும்பையில கோவில்பட்டில இறங்கி உங்க வீட்டுல ரெண்டு நாள் இருக்கணும்னுதான் துணியெல்லாம் எடுத்துட்டு வந்தேன். சொல்லாம வந்து நிப்போம்னு. அழுத மூஞ்சியோட எப்படிக்கா இறங்க? ஸ்டேஷன் வந்தப்ப முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன். வண்டி எடுத்துட்டான்."

பிறகு கேட்டாள்: "இந்த லைப்ரரிய மொதமொதல்ல எப்பக்கா போட்டீங்க?"

இப்பதான் என்று வாய் வரை வந்தது. "திங்கக்கெழம" என்றேன்.

போனில் பின்னால் அவள் மாமியார் குரல், பால் பொங்குகிறது என்று. "வைக்கேன்" என்றாள்.

அக்டோபர் 11, சனி

லீவு. ஆனாலும் போனேன். வாட்ச்மேன் அண்ணாச்சி சாவியைக் கொடுத்துவிட்டு, "இன்னைக்குமா?" என்றார்.

மாலை 5.20. ஆயிரம். ஒரு சுற்றும் பிசகவில்லை. கோப்பு முழுவதையும் அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "தப்பு என்னோடதுதான் கவிதா. நீ போயிருவன்னு சொல்லாம இருந்துட்டேன்."

உடனே நீல டிக். இருபது நிமிஷம் கழித்துப் பதில்: "ஃபைல் கிடைத்தது மேடம். நன்றி. என் அக்கவுண்டை நீக்கிவிடலாம்."

மேடம். ஐந்து வருஷம் யக்கா.

'சரி கவிதா' என்று அடித்தேன். அழித்தேன். 'வீட்டுக்கு ஒரு நாள் வா' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். மணி ஆறே கால், இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை.