இடப்பக்கப் பின் இருக்கையில் கேட்ட சத்தம்

தோழியாக வந்து மச்சாளாகிப் போன என் தர்சினிக்கு,

உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்தபோது எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். "நீர்தானே அவளோடை ஒண்டாய்ப் படிச்சனீர், நாலு வரி எழுதித் தாரும்" என்று என்னைக் கட்டிய உன் அண்ணை இரண்டு தரம் கேட்டார். நான் எழுதவில்லை. கடைசியில் உன் பட்டமளிப்புப் படத்தைப் பெரிதாகப் போட்டு அந்தப் பக்கத்தை நிரப்பினார்கள். இப்போது வருஷம் திரும்பி ஆட்டைத் திவசமும் முடிந்து இரண்டு கிழமையாகிறது. நீ படிப்பித்த பள்ளிக்கூடத்தில் உன் பெயரில் ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு உனக்குத்தான் எழுத வருகிறது. அதுவும் உன் காரைப் பற்றி.

கோபிக்காதே. உன் காரைப் பள்ளத்தில் போட்டுவிட்டோம்.

மாரி மழை நேரம். கொடிகாமத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு நெல்லியடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உன் அண்ணை ஓட்டினார். அவருக்குப் பக்கத்தில் அம்மா தந்துவிட்ட தேங்காய்ச் சாக்கு. பின்னால் வலப்பக்கம் என் மாமியான உன் அம்மா, இடப்பக்கம் நான், என் மடியில் ஆரபி. பிள்ளைக்காரிக்கு எப்போதும் அந்த இடம்தானே. வரணி தாண்டி ஒரு மதகடியில் வெள்ளம் தெருவை மூடி நின்றது. தண்ணீருக்குக் கீழே தெரு விளிம்பு உடைந்து போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. முன் இடது சில்லு தடாலென்று விழுந்து எழும்பியது. மூச்சு விடுவதற்குள் அதே பள்ளத்தில் பின் சில்லும் விழுந்தது. அந்த இரண்டாவது அடி நேரே எனக்குக் கீழே. ஆரபி நித்திரையால் எழும்பி வீரிட்டாள்.

உன் அண்ணை மழையில் இறங்கிக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். "ரயர் சரி. றிம் சரி. ஒண்டுமில்லை." அந்த "ஒண்டுமில்லை"யை அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டேன் தெரியுமா?

அடுத்த நாள் கார் இடப்பக்கம் இழுத்தது. நேராகப் போவதற்கு ஸ்டியரிங்கை வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அதை அவரே கண்டுபிடித்தார். ஓரிடத்தில் கொண்டுபோய் முன் சில்லுகளுக்கு அலைன்மென்ட் செய்வித்துக்கொண்டு வந்தார். ஒழுங்கையில் என்னை ஏற்றிக்கொண்டு போய்க் கையை விட்டுக் காட்டினார். "பாரும், அம்பு மாதிரிப் போகுது." அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நானும் நம்பினேன். நாங்கள் பிழைவிட்டது அங்கேதான். ஸ்டியரிங் நேரானதும் எல்லாமே நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். பள்ளத்தில் இரண்டு சில்லுகள் விழுந்ததை ஒருவரும் நினைக்கவில்லை.

இரண்டாம் நாளே எனக்குக் கேட்டது. இருக்கைக்குக் கீழே ஒரு "டொக்". பள்ளத்தில் இறங்கும்போது இல்லை, ஏறும்போது ஒருதரம். வளைவு திரும்பும்போது காரின் பின்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டு வருகிற மாதிரியும் இருந்தது.

"இஞ்சருங்கோ, பின்னாலை ஏதோ அடிக்குது."

"எனக்குக் கேட்கேல்லையே."

"எனக்குக் கேட்குது."

"அது உம்மடை நெஞ்சிடிக்கிற சத்தம்" என்று சிரித்தார். மாமியும் சிரித்தா. சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து நசித்து நாவூறு கழித்தா. அடுத்த நாள் "டொக்" தேசிக்காய் மணத்தோடு வந்தது.

எனக்குப் பயம் கூடத்தான், உனக்குத் தெரியாததா? ஆரபி நித்திரையில் மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிற ஆள் நான். அதனால் என் சொல்லை ஒருவரும் எடுப்பதில்லை. சில வேளை நானே எடுப்பதில்லை. ஆனால் இந்தமுறை விடவில்லை. "இதை ஒழுங்காய்ப் பார்க்கும்வரை பிள்ளையை இந்தக் காரிலை ஏத்த மாட்டன்" என்று சொல்லிவிட்டேன்.

அது சின்னச் சொல் இல்லை, தர்சினி. உன் திவசத்துக்குக் கீரிமலைக்குப் போக இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மாமி, பெரிய மாமா, நாங்கள் மூவர் என்று ஐந்து பேர் உன் காரில் போவதாக ஏற்பாடு. உன் அண்ணை கோபத்தில் சத்தம் போடுகிறவர் இல்லை, அது உனக்குத் தெரியும். அன்றைக்குப் போட்டார்.

"தங்கச்சியின்ரை திவசத்துக்குத் தங்கச்சியின்ரை காரிலைதான் போகோணும். உமக்கு ஏலாதெண்டால் நீரும் பிள்ளையும் பஸ்ஸிலை வாரும்!"

ஏன் இப்படிப் பிடிவாதமாக நின்றேன் என்று அவருக்கு விளங்கவில்லை. காரணத்தை நான் சொல்லவுமில்லை. இங்கே சொல்கிறேன். ஆரபிக்கு அப்போது மூன்று மாதம். நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே எங்கள் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாய். "முதுகுக்குள்ளை என்னவோ செய்யுதடி, ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாய். நான் பால் குடித்த பிள்ளையை ஏவறை எடுக்கத் தட்டிக்கொண்டிருந்தேன். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சோதினைப் பேப்பர் திருத்தக் குனிஞ்சு குனிஞ்சு இருந்ததாலை. ஒண்டுமில்லையடி" என்றேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் அந்த ஒரு நாள் பயப்படவில்லை. பிறகு நீ இரண்டு மாதம் ஒருவரிடமும் அதைக் கதைக்கவில்லை. கதைத்தபோது நோய் முற்றிப் போயிருந்தது. நான் அன்று "எங்கை, காட்டு" என்று கேட்டிருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் ஒரு வருஷமாக இருக்கிறேன்.

கொடிகாமத்தில் யோகன் அண்ணை கராச் வைத்திருக்கிறார். நல்ல வேலைகாரன் என்று அம்மா சொன்னதால் உன் அண்ணையை வற்புறுத்திக் காரை அங்கே அனுப்பினேன். அவர் நாலு மூலையையும் கையால் அமத்தி விட்டுப் பார்த்தாராம். கார் ஒருதரம் எழும்பி அடங்கிவிட்டதாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி எல்லா மூட்டுகளையும் ஆட்டிப் பார்த்தாராம். ஏறி இரண்டு தரம் ஓடியும் பார்த்தாராம். ஒரு சத்தமுமில்லையாம்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணை கணக்கை முடித்துவைத்தார். "நான் தனிய ஓடேக்கை கேட்கேல்லை. யோகன் தனிய ஓடேக்கை கேட்கேல்லை. நீர் ஏறினால்தான் கேட்குது. அப்ப பிழை காரிலையோ, உம்மிலையோ?"

எனக்கு அழுகை வந்தது. குசினிக்குள் போய் நின்றேன். நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த வசனம் திரும்ப ஓடியது. நான் ஏறினால்தான் கேட்கிறது. அவர் சொன்னது சரிதானே! நான் ஏறினால் காரில் என்ன மாறுகிறது? பின்பக்கம் பாரம் ஏறுகிறது. சத்தம் கேட்ட நாட்களை ஆரபியின் தடுப்பூசிக் கொப்பியின் பின் மட்டையில் குறித்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். மாமியும் நானும் பின்னால் இருந்த நாளெல்லாம் கேட்டிருக்கிறது. நான் மட்டும் இருந்த நாட்களில் சிலவேளை. பின் இருக்கை வெறுமையான நாளில் கேட்க அங்கே ஆள் இல்லை. காரைச் சோதித்த ஆம்பிளைகள் எல்லோரும் ஓட்டுகிற இருக்கையில் தனியாக இருந்துதான் சோதித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை எல்லோரையும் கிளப்பினேன். நானும் மாமியும் பஸ்ஸில் போய் ஆரபியை அம்மாவிடம் விட்டோம். உன் அண்ணை காரைக் கொண்டுவந்தார். யோகன் அண்ணை என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, நான் ரெண்டு தரம் ஓடிப் பாத்திட்டன். ஒண்டுமில்லை."

"எந்தச் சீற்றிலை இருந்து பாத்தனீங்கள் அண்ணை?"

"இதென்ன கேள்வி? ஓட்டுற சீற்றிலைதான்."

"இப்ப நான் ஓட்டுறன். நீங்கள் பின்னாலை இடப்பக்கம் ஏறுங்கோ. மாமி மற்றப் பக்கம் இருக்கட்டும்."

அவர் உன் அண்ணையைப் பார்த்தார். உன் அண்ணை வானத்தைப் பார்த்தார். "இருவத்தைஞ்சு வரியமாய் வாகனம் பாக்கிறன், ஒருத்தரும் என்னைப் பின் சீற்றிலை ஏத்தினதில்லை" என்றார் யோகன் அண்ணை.

"அப்ப இண்டைக்கு மாப்பிள்ளை மாதிரி ஏறி இருமன் தம்பி" என்றா மாமி.

உன் அண்ணை முன்னால் ஏறினார். யோகன் அண்ணை நல்ல உடம்பான ஆள். அவரும் மாமியும் ஏறியதும் கார் பின்னால் பதிந்தது. நான் மெல்ல எடுத்தேன். ரயில் கடவையில் ஏறி இறங்கும்போது யோகன் அண்ணை ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தார். "டொக்." பகிடி பாதியில் நின்றது.

"திரும்ப ஒருக்கா விடுங்கோ பிள்ளை."

திருப்பினேன். "டொக்." அவர் குனிந்து இருக்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். மூன்றாந்தரம் விட்டேன். கையை எடுத்துவிட்டு, "ஓரமாய் நிப்பாட்டுங்கோ. எல்லாரும் இறங்குங்கோ" என்றார். அவர் மட்டும் காரை ஆமை வேகத்தில் கராச்சுக்குக் கொண்டுபோனார். நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம்.

பின் இடது சில்லைக் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற சுருள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அது பதிந்திருக்கிற றப்பருக்குள்ளேயே உடைந்திருந்தது. முறுக்கு உடைந்த மாதிரி. "பாரம் இல்லாட்டி உடைஞ்ச ரெண்டு துண்டும் ஒண்டோடை ஒண்டு பொருந்திக் கிடக்கும். சத்தம் வராது. பாரம் ஏறினால்தான் விலகி அடிக்கும்" என்றார் யோகன் அண்ணை. பிறகு ரயரை உருட்டி உள்பக்கத்தைக் காட்டினார். வெளியே நின்று பார்த்தால் தெரியாத பக்கம். உடைந்த முனை உரசி அதில் ஒரு கோடு விழுந்திருந்தது. விரலை வைத்தால் நகம் இறங்கியது.

"எத்தினை பேர் கீரிமலைக்குப் போக இருந்தனீங்கள்?"

"அஞ்சு பேர்" என்றேன். "பிள்ளையோடை."

அவர் அந்தக் கோட்டை இன்னொருதரம் தடவிவிட்டு எழும்பினார். "குறை நினைக்காதையுங்கோ தங்கச்சி. நான் பின்பக்கத்தைக் கழட்டிப் பாத்திருக்கோணும்."

உன் அண்ணை அங்கேயே குந்திவிட்டார். நான் பக்கத்தில் குந்தினேன். "அவள் ஒரு கீறல் விழாமல் வைச்சிருந்த கார்" என்றார். "அவள் விட்டிட்டுப் போனதிலை ஓடுறது இது ஒண்டுதான். அண்டைக்கு அந்த அடி விழேக்கையே ஏதோ உடைஞ்சிட்டுது எண்டு எனக்குத் தெரியும் மதி. நான்தான் உடைச்சனான் எண்டு கேட்க எனக்கு விருப்பமில்லை. அதுதான் உம்மைப் பகிடி பண்ணினனான்."

அப்போது எனக்கும் வந்துவிட்டது. ஒரு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததைக் கிறீஸ் மணக்கிற அந்த இடத்தில் சொன்னேன். "முதுகு நோகுதெண்டு அவள் முதல் முதல் என்னட்டைத்தான் சொன்னவள். நான் ஒண்டுமில்லை எண்டனான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"அவளே சொன்னவள், ஆஸ்பத்திரியிலை வைச்சு. 'அண்ணை, மதிக்கு இதை ஒருநாளும் ஞாபகப்படுத்திப் போடாதை. அவள் பாவம், மூண்டு மாசமாய் நித்திரையில்லாமல் கிடந்தவள். பிள்ளையைத் தட்டிக்கொண்டே நித்திரை தூங்கினவள்' எண்டு."

தர்சினி, நீ என்னை அப்படியா பார்த்துக்கொண்டிருந்தாய்? உனக்கு நோகிற நேரத்திலும் என் நித்திரையையா கணக்குப் பார்த்தாய்? எனக்கு ஏனடி நேரே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் உன் கடைசி மாதங்களில் உன் முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பேனே.

பின்னால் இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங், புது ரயர். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் சரிந்து நிற்குமாம். யோகன் அண்ணை தானே பின் இருக்கையில் ஏறி, உன் அண்ணையை ஓட்டவிட்டு, ரயில் கடவையில் ஆறு தரம் ஏறி இறங்கிவிட்டுத்தான் கார்த் திறப்பைத் தந்தார். கீரிமலைக்கு உன் காரில்தான் போனோம். பிண்டம் போட்டுக் கடலில் தோய்ந்துவிட்டு வந்த உன் அண்ணை ஈரத் தலையோடு என்னிடம் திறப்பை நீட்டி, "நீர் ஓட்டும்" என்றார். முன்னால் பெரிய மாமா, பின்னால் மாமியோடு அவர் இருந்தார். ஆரபி அவர் மடியில் நித்திரை.

அந்தப் பயணத்தில் மாமி ஒன்று சொன்னா. நாங்கள் கேட்டுச் சொல்லவில்லை, தனக்குள் சொன்ன மாதிரி. "படி ஏறேக்கை இப்ப நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது."

"ஒண்டு..." என்று தொடங்கிய உன் அண்ணை வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "எப்ப தொட்டு அம்மா?"

"உவள் போனதிலையிருந்து" என்றா மாமி. "கவலையாக்கும் எண்டு விட்டிட்டன். இப்ப கூடக் கிடக்கு."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். திரும்பி இருந்து கேட்டேன். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், இருந்தால் அடங்குதா, படுத்தால் கூடுதா என்று எல்லாம் கேட்டேன். அவ வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னா. ஒரு வருஷமாக அவவை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உனக்காக அழுத அழுகைக்குள் நாங்கள் எல்லோரும் தனித்தனியாக இருந்துவிட்டோம்.

வருகிற வியாழக்கிழமை அவவை நெஞ்சு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். அவ சொன்னதெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். டொக்டருக்கு முன்னால் அவ "பெரிசாய் ஒண்டுமில்லை ஐயா" என்று சொல்லத்தான் போகிறா, உன் அம்மா அல்லவா? நான் பக்கத்தில் இருப்பேன். படி ஏறும்போது செய்கிறதைச் சொல்லச் சொல்வேன். அவ சொல்லி முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்டதை இனி உன் அம்மாவிடம் ஒரு நாளும் கேட்காமல் விட மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

உன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற,
உன் மச்சாள் மதி