நானே தள்ளிவிட்ட ஜீப்

அம்மா வீட்டிலிருக்கும் ராபியாவுக்கு, ஸலாம்.

நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். நம் ஜீப் திருட்டுப் போய்விட்டது. ஊரார் சொல்லி நீ கேட்பதற்குமுன் நானே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை மஞ்சூர் பஜாரில் எதிரே நிற்பவன் முகம் தெரியாத மூடுபனி. நம் ஜீப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் வந்து, "ஏனுங்க, வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. கொஞ்சம் தள்ளி உடறீங்களா?" என்றான். இந்த மலையில் அதற்கு மாட்டேன் என்று யார் சொல்வார்? டம்ளரை வைத்துவிட்டுப் போய்த் தள்ளினேன். "நல்லா இருப்பீங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனான். இறக்கத்தில் வண்டி இருமிக் கிளம்பியபோதுதான், அந்த இருமல் நமக்குப் பழக்கமானதாயிற்றே என்று தோன்றியது.

பின்னால் ஸ்டெப்னிக்கு உன் பழைய சேலையில் உறை தைத்துப் போட்டாயே, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துத்தான் தள்ளியிருக்கிறேன். சிரிக்காதே.

போலீஸ் ஸ்டேஷனில், "அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்க பாய்" என்றார்கள். சேலை உறை என்றேன். "என்ன கலருங்க?" பச்சை என்றேன். பிறகு நீலம் என்றேன். ஏட்டம்மா பேனாவை மூடிவிட்டு, "ஊட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

நான் எதையும் கவனிப்பதே இல்லை என்று நீ கோபித்துக்கொண்டு போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போலீஸ் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். முதல் பஸ்ஸிலேயே வா. நீ என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறாய் என்று, நீ பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நடந்தே கடைக்குப் போகும் உன் வீட்டுக்காரன்